இரண்டு மணித்தியாலக் கட்டணம்

ஒரே ஒரு ஆள். முழுக்காசும் முதலே கட்டியாச்சு.
பெயர் சுமணபால, ஊர் பெலியத்த,
மழையில்லாத காலையில கையில கறுப்புக் குடை.
வவுனியாவில கடை வைச்சிருக்கேக்க பிடிபட்ட தமிழாம்.
"நான் எமில்டா, உங்கட வழிகாட்டி" எண்டன்
பாடமாக்கின சிரிப்போட.

அகழிப் பாலத்தில தொடங்கிறது என்ர வழக்கம்.
தண்ணிக்கு மேல ஒரு நீர்க்காகத்தின்ர கழுத்து மட்டும்.
போர்த்துக்கேயர் சதுரமாக் கட்டினவை,
ஒல்லாந்தர் இடிச்சு ஐந்து முனையாக்கினவை,
பிறகு வந்த வெள்ளைக்காரர்
கதவுக்கு எண்ணெய் போட்டவை.
இந்த இடத்தில எல்லாரும் சிரிப்பினம்.
அவர் சிரிக்கேல்லை.
காய்ச்சல்காரப் பிள்ளையின்ர நெத்தியை மாதிரி
சுவரைப் புறங்கையால தொட்டுப் பாத்தார்.

"முருகைக்கல்" எண்டன்.
"கடலுக்கடியில உயிரோட இருந்தது.
கிட்டப் பாத்தால் ஓட்டை ஓட்டையாத் தெரியும்."
"தெரியும்" எண்டார்.
"அதுக்குள்ள சவர பிளேட் ஒளிச்சு வைக்கலாம்."

பிறகு அவர் முன்னுக்கு, நான் பின்னுக்கு.
வாசல் வளைவில இருந்து காலடியை எண்ணினார்,
சிங்களத்தில, வாய்க்குள்ள.
நாற்பத்தொண்டில நிண்டார்.
கிணறு.

என்ர உரையில இந்தக் கிணறு இல்லை.
லைசன்ஸ் பரீட்சையிலும் வரேல்லை.

"ராத்திரி வந்தால் நாற்பத்தொரு அடி.
பகல் வந்தால் எத்தனை எண்டு
திரும்பிவந்து சொல்ல ஆளில்லை."

எந்த ஆண்டு எண்டு அவர் சொல்லேல்லை, நான் கேக்கேல்லை.
எனக்கு அப்ப ஏழு வயது.
குருநகரில இருந்து கோட்டைக்கு
நடந்தால் அரை மணித்தியாலம்.
ஷெல்லுக்கு அவ்வளவு தேவையில்லை.

குடையை ஊண்டி ஊண்டிக் கொத்தளத்தில ஏறினார்.
பண்ணைக் கடல் தகரம் மாதிரி வெயிலில கிடந்தது.
எல்லாரும் படமெடுக்கிற கடல்.
அவர் அதுக்கு முதுகைக் காட்டி
ஊர்ப்பக்கம் மூக்கை நீட்டினார்.

"காத்து திரும்பினால் உங்கட பக்கம் இருந்து
மீன் பொரியிற மணம் வரும்.
நாங்கள் பிஸ்கட்டை மழைத்தண்ணியில நனைச்சுக்கொண்டிருப்பம்.
மற்றதெல்லாம் கட்டளை.
அந்த மணத்தில வந்தது மட்டும்
என்ர சொந்தக் கோவம்."

"பொரிக்கேல்லை" எண்டன்.
பிழையைத் திருத்திறது தொழில் பழக்கம்.
"எண்ணெய் எங்க இருந்தது? சுட்டது.
நீங்கள் உள்ளுக்க ஒவ்வொரு நாளும்
ஆட்டிறைச்சி தின்னுறியள் எண்டுதான்
எங்கட ஒழுங்கையில கதை.
ஹெலிச் சத்தம் கேட்டால்
ஆடு வருகுது, ஆடு வருகுது எண்டு
றெக்ஸ் கத்துவான்."

முதல்தரமாச் சிரிச்சார், தோள் குலுங்க.
சிரிச்சு முடிய, "றெக்ஸ் ஆர்?" எண்டார்.

"ஆடு எண்டு கத்தினவன்."

அதுக்கு மேல சொல்ல
அவர் காசு கட்டேல்லை.

இறங்கேக்க பத்து நிமிசம் மிச்சமிருந்தது.
ஒல்லாந்தர் கோயில் நிண்ட இடத்துக்குக் கூட்டிப்போனன்.
கல்லுக் குவியல், அதுக்குள்ள ஒரு எருக்கலை.
எப்பிடி இடிஞ்சது எண்டு சொல்ல
ஒரு வசனம் வைச்சிருக்கிறன்,
ஆரையும் நோகடிக்காத, எழுவாய் இல்லாத வசனம்.
அண்டைக்கு அது வாயில வரேல்லை.
ரெண்டுபேரும் எருக்கலையைப் பாத்துக்கொண்டு நிண்டம்,
ஏதோ அதைப் பாக்கத்தான் வந்தமாதிரி.

வாசலில அரைவாசிக் காசைத் திருப்பி நீட்டினன்.
"பாதி நீங்கள்தானே காட்டினது."
வேண்டாம் எண்டுவார் எண்டு நினைச்சன்.
வாங்கினார். விரலில எச்சில் தொட்டு எண்ணினார்.
"சரியா இருக்கு" எண்டார்.
குடையை விரிச்சுக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனார்.

அடுத்த நாள் கனடாவில இருந்து ஒரு குடும்பம்.
சதுரம், ஐந்து முனை, எண்ணெய்.
நல்லாச் சிரிச்சினம்.
வளைவைத் தாண்டினதும்
வாய் ஒல்லாந்தரைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்க
கால் தன்பாட்டில எண்ணத் தொடங்கிச்சுது.

எனக்கு நாற்பத்தேழு வருகுது.
ஓடினால் குறையும்போல.